ஐந்து லட்சம் பேரை ஆராய்ந்தாலும் சார்பு வருமா?

கேள்வி: பிரிட்டனில் 5 லட்சம் பேரைக் கொண்டு நடக்கும் உடல்நல ஆய்வில் 'தேர்வுச் சார்பு' இருப்பதாகப் படித்தேன். இத்தனை பேரைச் சேர்த்த பிறகும் அது எப்படி வரும்? அப்படியானால் அந்த ஆய்வின் முடிவுகளை நம்பலாமா?

பதில்: ஆட்களின் எண்ணிக்கை கூடக் கூடக் குறைவது தற்செயலாக நேரும் பிழை மட்டுமே. யார் வந்தார்கள், யார் வரவில்லை என்பதால் விளையும் கோணல்தான் தேர்வுச் சார்பு. அது எத்தனை லட்சம் பேரைச் சேர்த்தாலும் நிமிர்வதில்லை. நீங்கள் குறிப்பிடும் 'யுகே பயோபேங்க்' ஆய்வுக்காக, 2006 முதல் 2010 வரை, 40 முதல் 69 வயதுக்குட்பட்ட சுமார் 92 லட்சம் பேருக்கு அழைப்பு அனுப்பப்பட்டது. சேர்ந்தவர்கள் நூற்றுக்கு ஐந்தரைப் பேர்தான். செய்தித்தாள்கள் 5 லட்சத்தைத் தலைப்பில் போடுகின்றன. 92 லட்சத்தைச் சொல்வதே அரிது. எனக்கு இரண்டாவது எண்தான் முக்கியமாகப் படுகிறது.

வந்தவர்களைப் பொதுமக்களோடு ஒப்பிட்டு 2017-இல் வெளியான கட்டுரை, அவர்களிடையே புகைபிடிப்போர், உடல்பருமன் உள்ளோர், வறிய பகுதிகளில் வசிப்போர் ஆகியோர் குறைவு என்று காட்டியது. சேர்ந்தவர்களில் பின்னர் 70 முதல் 74 வயதை எட்டியோரின் இறப்பு விகிதமும் அதே வயதுள்ள பொதுமக்களுடையதில் ஏறத்தாழப் பாதியாகவே இருந்தது. எனவே, நாட்டில் எத்தனை பேருக்கு நீரிழிவு இருக்கிறது என்ற கேள்விக்கு இந்த ஆய்விலிருந்து விடை எடுப்பது தவறு.

புகைபிடிப்பவருக்கும் பிடிக்காதவருக்கும் நுரையீரல் புற்றுநோய் வருவதில் உள்ள வேறுபாடு போன்ற வலுவான தொடர்புகள் பெரும்பாலும் இதிலும் தெளிவாகவே தெரியும். ஆனால் எல்லாத் தொடர்புகளையும் அப்படி நம்பிவிட முடியாது. ஆராயப்படும் பழக்கமும் நோயும் இரண்டுமே ஒருவர் ஆய்வுக்கு வருவதைப் பாதிக்குமானால், இல்லாத தொடர்பு இருப்பதுபோலத் தோன்றக்கூடும். இதை அமெரிக்கப் புள்ளியியலாளர் ஜோசப் பெர்க்சன் 1946-இல் மருத்துவமனைத் தரவுகளைக் கொண்டு விளக்கினார். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரு நோய்களை எடுத்துக்கொள்வோம். மருத்துவமனையில் படுத்திருப்பவருக்கு முதல் நோய் இல்லையென்றால், அவர் வேறு ஏதோ ஒரு காரணத்துக்காகத்தான் சேர்ந்திருக்க வேண்டும். அந்தக் காரணம் இரண்டாவது நோயாக இருக்கும் வாய்ப்பு, வெளியில் நடமாடுபவரைவிட அவருக்கு அதிகம். ஆகவே, உள்நோயாளிகளை மட்டும் எண்ணினால், முதல் நோய் இரண்டாவதைத் தடுப்பதுபோல் ஒரு பொய்த்தோற்றம் உண்டாகிவிடும். நோயாளிகளைக் கேட்டு எழுதியதிலோ கணக்குப் போட்டதிலோ எந்தத் தவறும் இல்லாமலே இது நேரும்.

வயது, கல்வி, வசிப்பிடம் ஆகியவற்றை மக்கள்தொகைக் கணக்கெடுப்போடு ஒப்பிட்டு, குறைவாக வந்த பிரிவினருக்குக் கணக்கில் கூடுதல் எடை கொடுத்து, அதாவது அவர்களில் ஒருவரை ஒருவருக்கும் மேலாக எண்ணி, திருத்தும் முறை உண்டு. அதிலும் அளந்து வைத்த பண்புகளைத்தான் சரிசெய்ய முடியும். நடக்க முடியாத அளவு உடல் தளர்ந்து வீட்டிலேயே தங்கிவிட்ட ஒருவருக்கு, அவர் வயதுடைய திடகாத்திரமானவர் எத்தனை மடங்கு எடையிட்டாலும் ஈடாக மாட்டார்.

இந்த வடிகட்டல் சேர்க்கையோடு முடிவதுமில்லை. அதே ஆய்வில் பின்னர் எம்ஆர்ஐ படம் எடுக்க அழைத்தபோது வந்தவர்கள், முதலில் சேர்ந்தவர்களைவிடவும் ஆரோக்கியமானவர்களாக இருந்தார்கள்.