'புட் ஆஃப்' என்று வந்தால் வேலை போச்சா?

சுங்கை சிப்புட்டிலிருந்து ஓர் அம்மா கேட்கிறார்: "மகள் எஸ்பிஎம் பரீட்சை முடித்துவிட்டுத் தோட்ட ஆபீசில் கிராணி வேலைக்கு மனுப் போட்டிருந்தாள். வெள்ளிக்கிழமை இன்டர்வியூ. நேற்றுப் புலனத்தில், 'தி இன்டர்வியூ ஹேஸ் பீன் புட் ஆஃப் அன்டில் ஃபர்தர் நோட்டிஸ்' என்று செய்தி வந்தது. 'ஆஃப்' என்றால் இல்லை என்றுதானே அர்த்தம்? இதை விட்டுவிடச் சொல்லலாமா?"

வேண்டாம் அம்மா. இன்டர்வியூ தள்ளிப்போயிருக்கிறது, அவ்வளவுதான். லைட்டை ஆஃப் பண்ணு, நாளைக்கு எனக்கு ஆஃப் என்றே பேசிப் பழகிவிட்டதால் அந்தச் சொல்லைக் கண்டதும் பயம் வருகிறது. ரத்தாகியிருந்தால் 'கால்ட் ஆஃப்' என்றோ 'கேன்சல்ட்' என்றோ எழுதியிருப்பார்கள். மலாயில் சொன்னால் சட்டென்று பிடிபடும்: 'புட் ஆஃப்' என்பது தங்குஹ், 'கால் ஆஃப்' என்பது பாத்தால். ஆனால் தங்குஹ் கொஞ்சம் அகலமான சொல். கோயில் கூட்டம் முடிந்து கலைந்ததையும் கூட்டக் குறிப்பில் அப்படித்தான் எழுதுகிறோம். அதற்கு ஆங்கிலத்தில் 'அட்ஜர்ன்'. 'புட் ஆஃப்' பெரும்பாலும் இன்னும் தொடங்காத காரியத்துக்கே வரும்.

நீங்கள் கவனிக்க வேண்டியது பின்பாதியை. 'அன்டில் ஃபர்தர் நோட்டிஸ்' என்றால் புதுத் தேதி இன்னும் முடிவாகவில்லை, பிறகு சொல்வார்கள் என்று பொருள். எப்போது என்ற உறுதி அதில் இல்லை. அதனால் வேறு மனுக்களும் போடட்டும். ஒரு வாரம் பார்த்துவிட்டு, 'மே ஐ நோ தி நியூ டேட்?' என்று மரியாதையாகக் கேட்கலாம்.

அவளே தேதி மாற்றிக் கேட்க நேர்ந்தால் 'போஸ்ட்போன்' என்று எழுதுவது நல்லது. 'புட் ஆஃப்' பேச்சுவழக்குச் சொல். சில இடங்களில் சோம்பலில் தள்ளிப்போடுவது போலவும் தொனிக்கும். பேச்சில் சொல்வதானால் 'புட் இட் ஆஃப்' என்று 'இட்' நடுவில் வர வேண்டும், 'புட் ஆஃப் இட்' தப்பு. இறந்தகாலத்திலும் 'புட்' தான், 'புட்டட்' என்று ஒன்று கிடையாது.

அப்புறம் இன்னொன்று. நடுவில் ஆள் வந்தால் பொருளே பெரும்பாலும் மாறிவிடும். 'தி ஸ்மெல் புட் மீ ஆஃப்' என்றால் அந்த வாடையில் மனம் விட்டுப்போனது என்று அர்த்தம். செம்பனை ஆலைப் பக்கம் வீடு இருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. இன்டர்வியூவில், 'டஸ் ஷிஃப்ட் வொர்க் புட் யூ ஆஃப்?' என்று கேட்டால், ஷிஃப்ட் வேலை என்றால் பின்வாங்குவாயா என்று கேட்கிறார்கள். வேலை வேண்டுமானால் அங்கே பதில் 'நோ'.