வாசகர் கேள்வி – பதில்: பொன்னிறமாகும் ஊசியிலை மரம்

கேள்வி: சுவிற்சர்லாந்தில் இருக்கும் என் மகன் ஐப்பசியில் அனுப்பிய படத்தில் மலைச்சரிவு முழுவதும் ஊசியிலை மரங்கள் மஞ்சளாக நின்றன, மார்கழிப் படத்தில் அவையே மொட்டையாக நின்றன. மரங்கள் பட்டுப்போய்விட்டனவா? விதை எடுப்பித்து எங்கள் வளவில் நட்டால், கடற்கரைச் சவுக்கைப் போல வளருமா?
– வாசகி, கல்லடி

பதில்: பட்டுப்போகவில்லை. அது லார்ச் மரம். ஊசியிலை மரங்களிற் பெரும்பாலானவை பசுமை மாறாதவை என்றாலும், அல்ப்ஸில் இயற்கையாக வளர்பவற்றுள் ஆண்டுதோறும் இலை முழுவதையும் உதிர்ப்பது இது ஒன்றுதான்.

குளிர் தாங்காமல் உதிர்க்கிறது என்று எண்ணத் தோன்றும். தாகம் என்பதே பொருத்தம். பனிக்காலத்தில் நிலம் உறைந்துவிடுவதால் வேருக்கு நீர் கிடைப்பதில்லை, ஆனால் மலை வெயிலும் காற்றும் இலையிலுள்ள நீரை இழுத்துக்கொண்டே இருக்கும். பைன் மரங்கள் மெழுகு படிந்த தடித்த ஊசிகளால் இந்த இழப்பைச் சமாளிக்கின்றன; லார்ச்சின் ஊசியோ மென்மையானது, அதைக் காப்பதைவிட உதிர்த்துவிடுவதே மரத்துக்கு இலாபம். நம் பக்கத்துத் தேக்கு வறட்சியில் இலையுதிர்த்து நிற்பதும் இதே கணக்குத்தான். உதிர்க்குமுன் ஊசியிலுள்ள நைதரசன் முதலிய சத்துக்களை மரம் உள்ளே எடுத்துக்கொள்கிறது; பச்சையம் சிதைய, எஞ்சிய மஞ்சள் நிறப்பொருள் வெளியே தெரிகிறது.

மொட்டையான கிளை ஒன்றைக் கிட்டப் போய்ப் பார்க்கும்படி மகனிடம் சொல்லுங்கள். கிளை நெடுகச் சிறு குமிழ்கள் இருக்கும். இளவேனிலில் ஒவ்வொரு குமிழிலிருந்தும் முப்பது நாற்பது ஊசிகள் கொத்தாக விரியும்.

சவுக்கு ஊசியிலை மர இனமே அல்ல. அதன் ‘ஊசி’ கணுக்கள் கொண்ட பச்சைக் குச்சி. மெல்ல இழுத்தால் கணுவில் கழன்றுவிடும், அக்கணுவைச் சுற்றியுள்ள நுண்ணிய செதில்களே உண்மையான இலைகள். லார்ச்சுக்கு நீண்ட குளிர்கால ஓய்வு வேண்டும் என்பதால் உறைபனியே அறியாத மட்டக்களப்பில் அதை வளர்க்க முடியாது. வெளிநாட்டு விதையைக் கொண்டுவர 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அனுமதியும் வேண்டும்.

கேள்வி: ஹோட்டன் சமவெளியில் மரங்கள் குட்டையாகவும் கோணலாகவும் இருக்கின்றன. அல்ப்ஸில் மரங்கள் நின்றுவிடும் எல்லை என்பது இதுதானா?
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: அல்ல. அல்ப்ஸின் நடுப்பகுதியில் ஏறத்தாழ 2200 முதல் 2400 மீற்றர் உயரத்தில் காடு முடிகிறது. வளரும் பருவத்தின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 6 பாகை செல்சியசுக்குக் கீழ்ப்போகும் இடங்களில் மரம் போதிய அளவு புதிய திசுக்களை ஆக்க முடிவதில்லை. அயனமண்டல மலைகளில் அந்த எல்லை 4000 மீற்றரை அண்டியே வரும். நமது மிக உயர்ந்த பீதுருதாலகாலையோ 2524 மீற்றர்தான். ஹோட்டன் சமவெளி மரங்களைக் குறுக்குவதில் ஓயாத காற்றுக்குப் பெரும் பங்குண்டு.

அல்ப்ஸின் எல்லைப்புறத்தில் லார்ச்சுடன் நிற்கும் ஆர்வே என்ற பைன் மரத்தையும் சொல்லியாக வேண்டும். அதன் விதைக்குச் சிறகில்லை; காக்கை இனப் பறவை ஒன்று பனிக்கால உணவாகப் பல்லாயிரம் விதைகளை மண்ணில் ஒளித்துவைக்கிறது, அது மீட்டெடுக்காமல் விட்டவையே கன்றுகளாகின்றன.

இரு மலைகளுக்கும் பொதுவான உறவினர் ரொடோடென்றன். அங்கே அது ஒரு மீற்றர் அளவுள்ள செடி, ஹோட்டன் சமவெளியிலோ செம்பூ பூக்கும் மரம். அடுத்தமுறை போகும்போது பறிக்காமல் அதன் இலையொன்றைப் புரட்டிப் பாருங்கள்: அடிப்புறம் துருப்பிடித்ததுபோல் பழுப்பாக இருக்கும். அல்ப்ஸ் செடியின் இலைக்கும் அதே துரு நிறந்தான்.