வேலையை விட்டாலும் எலும்பை விடாத காரீயம்

கேள்வி: பேட்டரி தயாரிப்புப் பிரிவில் ஆறு ஆண்டுகள் வேலை பார்த்தேன். அந்த வேலையை விட்டு இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இப்போது மூன்று மாதக் கர்ப்பிணியாக இருக்கிறேன். இதற்குள் காரீயம் உடலை விட்டு நீங்கியிருக்கும் என்று வீட்டில் சொல்கிறார்கள். அப்படியே நம்பலாமா?

பதில்: முழுவதுமாக நம்ப வேண்டாம். இரத்தத்தில் கலந்திருக்கும் காரீயம் ஏறத்தாழ ஒரு மாதத்தில் பாதியாகக் குறைந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் காரீயம் இரத்தத்திலேயே நிற்பதில்லை. கால்சியத்தைப் போலவே உடல் அதையும் எலும்புக்குக் கொண்டு சேர்க்கிறது. வளர்ந்தவர்களின் உடலில் இருக்கும் காரீயத்தில் 90 விழுக்காட்டுக்கும் மேல் எலும்பில்தான் இருக்கிறது, அதுவும் பல பத்தாண்டுகள் தங்கியிருக்கக்கூடியது. கருவில் வளரும் குழந்தையின் எலும்புக்குக் கால்சியம் தேவைப்படும்போது, உணவில் கிடைப்பது போதாவிட்டால் தாயின் எலும்பு கரைந்து ஈடுகட்டுகிறது. அப்போது பழைய காரீயமும் கூடவே இரத்தத்துக்குத் திரும்பி, நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையைச் சென்றடைகிறது. தாய்ப்பால் கொடுக்கும் மாதங்களிலும் இந்தக் கரைதல் தொடர்கிறது.

காரீயத்தின் அளவு கூடும்போது கருச்சிதைவு, குறைப்பிரசவம், எடை குறைந்த பிறப்பு, தாய்க்கு உயர் இரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கான வாய்ப்பும் கூடுகிறது. குறைந்த அளவிலும் குழந்தையின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படலாம் என்பதால், கெடுதலே செய்யாத அளவு என்று எதுவும் இதுவரை கண்டறியப்படவில்லை.

ஆகவே, பழைய வேலையைப் பற்றி உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லி, இரத்தத்தில் காரீய அளவைச் சோதித்துக்கொள்ளுங்கள். கர்ப்பத்தின் நடுப்பகுதியில் இந்த அளவு சற்றுக் குறைந்து, கடைசி மூன்று மாதங்களில் மீண்டும் உயர்வது வழக்கம். ஒரே ஒரு சோதனையோடு நிறுத்திவிடாமல், பின்னர் மறுபடி எடுக்க வேண்டுமா என்றும் கேளுங்கள். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால், காரீயம் எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்டறிந்து விலக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. உணவில் கால்சியம் குறைவாக உள்ள கர்ப்பிணிகளுக்கு அந்த நிலையில் கால்சியம் மாத்திரையையும் அது பரிந்துரைக்கிறது. இரும்புச்சத்துக் குறைந்திருந்தால் குடல் காரீயத்தைக் கூடுதலாக உறிஞ்சும் என்பதால், இரத்தசோகைக்கான மாத்திரையையும் தவறவிடாதீர்கள். உடலைச் சுத்திகரிப்பதாகச் சொல்லி விற்கப்படும் மருந்துகளை மட்டும் கையால் தொடாதீர்கள். காரீயத்தை வெளியேற்றும் உண்மையான மருந்துகள், அளவு மிக அதிகமாக இருக்கும்போது நிபுணரின் மேற்பார்வையில் மட்டுமே கர்ப்பிணிகளுக்குத் தரப்படுபவை.

கேள்வி: தாயின் உடலில் எந்த நஞ்சு சேர்ந்தாலும் நஞ்சுக்கொடி அதைத் தடுத்துவிடும் என்று படித்தேன். உலோகங்களுக்கும் இது பொருந்துமா?

பதில்: காட்மியத்துக்கு ஓரளவு பொருந்தும், மற்றவற்றுக்குப் பொருந்தாது. புகையிலைப் புகையோடு உடலில் சேரும் காட்மியத்தில் பெரும்பகுதியை நஞ்சுக்கொடி தன்னிடமே பிடித்து வைத்துக்கொள்கிறது. ஆனால் அந்தக் காட்மியம் துத்தநாகம் குழந்தைக்குச் செல்வதைக் குறைப்பதால், பிறப்பு எடை குறைய வாய்ப்பு உண்டு. ஆர்சனிக் எளிதாகவே கடந்துவிடுகிறது.

மீன் வழியாக உடலில் சேரும் பாதரச வகையான மெத்தில் பாதரசத்தின் போக்குத்தான் மிக மோசமானது. அது ஓர் அமினோ அமிலத்தோடு ஒட்டிக்கொள்வதால், நஞ்சுக்கொடி அதைச் சத்துப்பொருள் என்றெண்ணித் தானே உள்ளே அனுப்புகிறது. தொப்புள்கொடி இரத்தத்தில் அதன் அளவு தாயின் இரத்தத்தில் உள்ளதைவிடப் பொதுவாக அதிகமாக இருப்பதற்கு இதுவே காரணம். ஜப்பானின் மினமாட்டாவில், தொழிற்சாலைக் கழிவுநீரால் பாதரசம் ஏறிய மீனை உண்டவர்களிடம் 1956இல் ஒரு நரம்பு நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது. அறிகுறி ஏதும் இல்லாத, அல்லது இலேசாக மட்டுமே இருந்த தாய்மார்களுக்குக்கூட மூளை கடுமையாகப் பாதிக்கப்பட்ட குழந்தைகள் பிறந்தன. தாய்க்கு ஒன்றுமில்லை என்பதை வைத்துக் குழந்தைக்கும் ஒன்றுமில்லை என்று முடிவுகட்ட முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அதற்காக மீனையே ஒதுக்கிவிடுவது தவறு. குழந்தையின் மூளைக்கு வேண்டிய நல்ல கொழுப்பு அதில் இருக்கிறது. சுறா, வாள்மீன் போன்ற, பிற மீன்களைத் தின்று நெடுநாள் வாழும் பெரிய மீன்களை மட்டும் தவிர்த்து, சிறிய மீன்களை உண்ணலாம்.

கேள்வி: என் கணவர் பழைய பெயிண்ட்டைச் சுரண்டி எடுக்கும் வேலை செய்கிறார். நான் வீட்டில்தான் இருக்கிறேன். கர்ப்பமாக இருக்கும் எனக்கு இதனால் பாதிப்பு வருமா?

பதில்: வரலாம். பழைய பெயிண்ட்டில் காரீயம் இருந்தால், அவருடைய உடையிலும் தலைமுடியிலும் காலணியிலும் படியும் தூள் அப்படியே வீட்டுக்குள் வந்துவிடும். அவர் வேலையிடத்திலேயே குளித்து உடை மாற்றிக்கொண்டு வருவது நல்லது. அந்த உடைகளை நீங்கள் உதறவோ துவைக்கவோ வேண்டாம், அவரே தனியாகத் துவைக்கட்டும். தரையைப் பெருக்கினால் தூள் கிளம்பும். ஈரத்துணியால் துடைப்பதே மேல், அதையும் வேறு யாராவது செய்தால் நல்லது. இருவருமே இரத்தச் சோதனை செய்துகொள்ளுங்கள்.