யாரோடு சேர்வது, யார் காப்பது: மீன்கள் பற்றிக் கேள்வி பதில்

விலங்கியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது மொட்டைமாடியில் மீன் தொட்டிகளோடுதான் பொழுது போகிறது. மீன்கள் இணை தேடும் விதமும் குஞ்சு காக்கும் விதமும் அவற்றின் பரிணாமத்தை எப்படித் திருப்பிவிடுகின்றன என்பது பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தேன். நிறைய வந்தன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

பிரபாகரன், தேனி: மேடம், என் தொட்டியில் ஒரு எல்லோ லேப் மீன் ஐந்து நாளாக இரை எடுக்கவில்லை. தாடைக்கு அடியில் வீங்கியிருக்கிறது. மருந்து போடலாமா?

மருந்து எதையும் போட்டுவிடாதீர்கள். வாய்க்குள் முட்டை வைத்திருக்கிறது. கொஞ்ச நேரம் அசையாமல் உட்கார்ந்து பாருங்கள். அவ்வப்போது எதையோ மெல்லுவது போலத் தாடையை அசைக்கும். முட்டைகளைப் புரட்டி, எல்லாவற்றின் மேலும் தண்ணீர் படும்படி செய்கிறது. இரையைப் போட்டால் அருகில் வந்து பார்க்கும், பிறகு திரும்பிப் போய்விடும். ஏறக்குறைய மூன்று வாரம் இப்படித்தான். வயிறு ஒட்டிப்போகும், பயப்பட வேண்டாம்.

இது ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி மீன், சிக்லிட் குடும்பம். இணை சேரும்போது பெண் சில முட்டைகளை இட்டதும் சட்டென்று திரும்பி அவற்றை வாயில் அள்ளிக்கொள்ளும். ஆணின் விந்து படுவதற்கு முன்பே முட்டை வாய்க்குள் போய்விடுகிறது. அப்படியானால் கருவுறுவது எப்படி? ஆணின் பின்பக்க அடித்துடுப்பில் மஞ்சளாக வட்டப் புள்ளிகள் இருக்கும், பார்த்திருப்பீர்கள். அந்தத் துடுப்பை விரித்து அவள் முன்னால் நடுங்க நடுங்கக் காட்டும். பெண் புள்ளியைக் கொத்த வாயைத் திறக்கிறாள், விந்து உள்ளே போகிறது. முட்டை போலவே தோன்றும் இந்தப் புள்ளிகளின் வேலை இதுதான் என்று 1962-இல் வுல்ஃப்காங் விக்லர் எழுதினார்.

புள்ளியை முட்டை என்று நம்பித்தான் கொத்துகிறாளா, அல்லது அந்த நிறத்தின் மேல் ஏற்கெனவே இருந்த ஈர்ப்பை ஆண் பயன்படுத்திக்கொள்கிறதா என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் பேச்சு ஓயவில்லை. இரண்டாவது வழிக்கு வேறொரு மீனில் நல்ல சான்று உண்டு. வாள்வால் மீன் என்ற சிறு தொட்டி மீனின் ஆணுக்கு வால் வாள் போல நீண்டிருக்கும். அதன் உறவான பிளாட்டி மீனின் ஆணுக்கு அந்த நீட்சி கிடையாது. ஆனால் 1990-இல் அலெக்ஸாண்ட்ரா பாசலோ பிளாட்டி ஆணுக்குச் செயற்கையாக அப்படியொரு வாலை ஒட்டிக் காட்டியபோது பெண்கள் அதன் பக்கமே போயின. அழகு வருவதற்கு முன்பே அதன் மேல் ஆசை இருந்திருக்கிறது!

கவிதா, கோயம்புத்தூர்: ஒரு பெண் மீன் தனக்குப் பிடித்த ஆணைத் தேர்ந்தெடுப்பதால் புதிய இனமே உருவாகும் என்கிறார்களே, அது எப்படி அக்கா?

முதலில் அந்தத் தாயின் நிலையை யோசித்துப் பாருங்கள். சில டஜன் முட்டைகள், மூன்று வாரப் பட்டினி, தப்பி ஓடும்போதும் வாய் நிறையப் பாரம். தவறான ஆணோடு சேர்ந்தால் அத்தனையும் வீண். அதனால் அவள் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுப்பாள். ஆணுக்கோ முட்டை காக்கும் வேலையே இல்லை. அடுத்த பெண்ணைக் கவர்வதிலேயே அவன் காலம் போகிறது. காக்கும் பாரம் ஒருபக்கமாகச் சாய்ந்தால் நிறமும் ஆட்டமும் மறுபக்கம் குவியும். பல சிக்லிட் இனங்களில் பெண் மங்கலாகவும் ஆண் பளிச்சென்றும் இருப்பது இதனால்தான்.

இனி விக்டோரியா ஏரிக்கு வருவோம். ஏறக்குறைய 15,000 ஆண்டுகளுக்கு முன் அந்த ஏரி வறண்டு கிடந்து மறுபடி நிரம்பியது. அதற்குப் பிறகு அங்கே சுமார் 500 சிக்லிட் இனங்கள் உருவாயின. பரிணாமக் கணக்கில் 15,000 ஆண்டு என்பது கண் சிமிட்டும் நேரம். அவற்றில் புண்டமிலியா என்ற பேரினத்தில் நெருங்கிய உறவான இரண்டு இனங்கள் உண்டு. ஒன்றின் ஆண் நீலச் சாம்பல், மற்றதன் ஆண் சிவப்பு. நீலம் கரையோரப் பாறைகளில் மேலே இருக்கும், சிவப்பு கொஞ்சம் ஆழத்தில். அந்த ஏரியில் ஆழம் போகப் போக நீல ஒளி வடிந்து சிவப்பொளிதான் மிஞ்சுகிறது. ஆழத்து மீன்களின் கண்ணில் உள்ள நிறமிப் புரதமும் சிவப்பை நன்றாகப் பிடிக்கும்படி மாறியிருக்கிறது. சிவப்பை நன்றாகப் பார்க்கும் பெண் சிவப்பு ஆணிடம் போகிறாள், மேலே இருப்பவள் நீலத்திடம். நடுவில் சுவரோ கரையோ இல்லை, சில மீட்டர் தண்ணீர்தான். ஆய்வாளர் ஓலே சீஹாவுசனும் அவருடைய கூட்டாளிகளும் 2008-இல் இதை வெளியிட்டார்கள்.

ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பெண்ணின் விருப்பம் ஒன்றே எல்லாவற்றையும் செய்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். அந்த ஏரிக்குள் வந்த மூதாதை மீன்களே இரண்டு வேறு ஆற்று வழிகளின் கலப்பு என்று பின்னால் மரபணு ஆய்வில் தெரிந்தது. பழைய மரபணு வேறுபாடுகள் கைவசம் தயாராக இருந்தன. விருப்பமும் ஆழமும் உணவும் அவற்றைப் பிரித்து அடுக்கின.

அருள்தாஸ், மட்டக்களப்பு: விக்டோரியா ஏரியில் சிக்லிட்கள் அழிந்ததற்குக் காரணம் நைல் பெர்ச் மீன்தானே, டீச்சர்?

பெரிய பங்கு அதற்குத்தான். 1950-களில் கொண்டுவந்து விட்ட வேட்டை மீன் அது. ஆனால் அது கடிக்காமலே காணாமல் போன இனங்களும் உண்டு. சுற்றியுள்ள நிலத்திலிருந்து மண்ணும் உரச்சத்தும் ஏரிக்குள் வந்து சேர்ந்து பாசி பெருகியது, தண்ணீர் கலங்கியது. கலங்கிய தண்ணீரில் நீலமும் சிவப்பும் ஒன்றுபோலத் தெரியும். ஆய்வகத்தில் இந்த மீன்களை ஒரே நிற ஒளியில் வைத்தபோது பெண்கள் தங்கள் ஆண் யார் என்று பிரித்தறியாமல் இரண்டு பக்கமும் போயின. ஏரியிலும் தண்ணீர் தெளிவாக இருந்த இடத்தில் இனங்கள் தனித்தனியாக இருந்தன, கலங்கிய இடத்தில் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. 1997-இல் இதைப் படித்தபோது எனக்கு மனம் கனத்துவிட்டது. ஒரு மீனைக் கூடக் கொல்லாமல், அது பார்க்க முடியாதபடி செய்தே ஓர் இனத்தை இல்லாமல் ஆக்கிவிடலாம்.

நந்தினி, சென்னை, கல்லூரி மாணவி: பாலூட்டிகளில் தாய்தான் காக்கிறாள். மீன்களில் மட்டும் ஏன் அதிகமாக அப்பா காக்கிறார்?

நல்ல கேள்வி, நந்தினி. பெரும்பாலான மீன்கள் முட்டையைக் காப்பதே இல்லை, இட்டுவிட்டுப் போய்விடும். காக்கிற குடும்பங்களை எடுத்துக்கொண்டால் ஆண் தனியாகக் காப்பதுதான் அடிக்கடி தென்படுகிறது. காரணத்தை இடத்திலிருந்து தொடங்கினால் எளிதாகப் புரியும். ஆண் ஒரு கல்லையோ குழியையோ பிடித்து வைத்திருக்கிறது. பெண் அங்கே வந்து முட்டையிடுகிறது, கருவுறுதல் உடலுக்கு வெளியே நடக்கிறது. எப்படியும் அந்த இடத்தை அது காக்கத்தான் போகிறது, அதே காவலில் முட்டையும் பிழைத்துக்கொள்கிறது. ஒரு பெண்ணின் முட்டையைக் காக்கும்போதே இன்னொரு பெண்ணும் வந்து இடலாம் என்பதால் காவலால் அதற்குப் பெரிய இழப்பில்லை. பெண் காவலுக்கு நின்றால் இரை தேட முடியாது, அடுத்த தடவை முட்டை குறையும்.

ஸ்டிக்கிள்பேக் என்ற முள்முதுகு மீனில் இதை நன்றாகப் பார்க்கலாம். விரல் நீள மீன்தான். ஆணின் வயிறு சிவந்துவிடும். சிறுநீரகத்தில் சுரக்கும் பசையால் பாசி நார்களை ஒட்டிக் கூடு கட்டும். முட்டை வந்ததும் கூட்டின் வாசலில் நின்று முன் துடுப்புகளால் விசிறிக்கொண்டே இருக்கும்.

ஆனால் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் அதே மீனில் ஒரு வெள்ளை வகை இருக்கிறது. அதில் ஆண் காவலை அடியோடு விட்டுவிட்டது. முட்டையை எடுத்துப் பாசி மேல் சிதறிவிட்டு அடுத்த பெண்ணைத் தேடிப் போகிறது. நிறமும் முத்து வெள்ளையாக மாறிவிட்டது. நெருங்கிய உறவினர்கள் பக்கத்திலேயே கூட்டை விசிறிக்கொண்டிருக்க, இது மட்டும் வேறு வழியில் போகிறது. அப்பா ஆவது ஒரு மீனின் மாறாத குணம் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

மாரியப்பன், நாகப்பட்டினம்: அம்மா, கடல் கெளுத்தி வலையில் வரும்போது சிலதின் வாயில் கோலிக்குண்டு மாதிரி முட்டை இருக்கும். தன் முட்டையைத் தின்றுகொண்டிருந்ததா?

இல்லை ஐயா. அது ஆண், தின்னவும் இல்லை. பெண் இட்டதை வாயில் வாங்கி, குஞ்சு பொரித்துத் தானாக நீந்தும் வரை வைத்திருக்கும். அதுவரை பட்டினி. மீன் முட்டைகளிலேயே இவ்வளவு பெரியது அபூர்வம். பெரிய முட்டை என்றால் குஞ்சு வலுவாக வெளியே வரும், ஆனால் எண்ணிக்கை சில டஜன்தான். கடலில் லட்சக்கணக்கில் முட்டையைத் தெளித்துவிடும் மீனோடு இதை ஒப்பிட முடியாது.

இதனால் ஒரு பெரிய ஆபத்தும் உண்டு. 1980-களில் கர்நாடகக் கரையில் சுருக்குமடி வலைகளில் வாய் நிறைய முட்டையோடு இருந்த ஆண் கெளுத்திகள் கூட்டம் கூட்டமாக அகப்பட்டன. ஒவ்வொரு ஆணோடும் ஒரு தலைமுறையே கரைக்கு வந்தது. அதற்குப் பிறகு மேற்குக் கரையில் கெளுத்திப் பாடு படுத்துவிட்டது. குறைவாகப் பெற்று நன்றாகக் காக்கும் வழி இயற்கைப் பகைவர்களுக்கு எதிராக உருவானது. வலைக்கு முன் அது நிற்காது. வாயில் முட்டையோடு உயிராக வந்தால் உடனே தண்ணீரில் விட்டுவிடுங்கள். முட்டையைத் துப்பிவிட்டால்கூட அந்த மீன் அடுத்த பருவத்துக்கு இருக்கும்.

நம் குளத்து விராலுக்கும் இதே கதைதான். செம்மஞ்சள் குஞ்சுகள் கூட்டமாக மேலே வரும், பெரிய விரால் கீழே காவல் நிற்கும். குஞ்சுக் கூட்டத்துக்குள் தூண்டிலைப் போட்டால் பசியில்லாமலே பாய்ந்து கவ்வும். அதன் காவலையே நாம் தூண்டில் இரையாக்கிக்கொள்கிறோம். அந்த நாட்களில் மட்டுமாவது விராலை விட்டுவைக்கலாம்.

ஷகிலா, ராமநாதபுரம்: கடல்குதிரையில் ஆண் கர்ப்பமாகிறது என்பது உண்மையா?

உண்மைதான். வயிற்றுப் பையில் பெண் முட்டையை வைக்கிறது. பைக்குள் ஆக்சிஜனும் சத்தும் போகின்றன, உப்பின் அளவும் சரிசெய்யப்படுகிறது. அவற்றின் உறவான குழல்மீன்களில் சில இனங்களில் ஆணின் பையில் இடம் கிடைப்பதற்குப் பெண்களுக்குள் போட்டி. அங்கே பளபளப்பாக அலங்கரித்துக்கொள்வது பெண்! கோவையிலிருந்து கேட்ட கவிதாவுக்குச் சொன்னது இங்கே தலைகீழாக நடக்கிறது. மன்னார் வளைகுடாவில் கடல்குதிரை உண்டு, 2001 முதல் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட உயிரினம்.

ஸ்டீபன், திருச்சி: கொசுவுக்காகச் சிமென்ட் தொட்டியில் விட்ட வண்ண கப்பிகள் நாலைந்து வருடத்தில் மங்கலாகிவிட்டன. உணவுக் குறையா?

உணவு கொஞ்சம் காரணமாக இருக்கலாம். கப்பியின் ஆரஞ்சு நிறத்துக்கு உணவிலிருந்து கரோட்டினாய்டு என்ற நிறமி வேண்டும். ஆனால் முக்கியமான காரணம் வேறு. கடைக் கப்பியின் பெரிய வாலையும் நிறத்தையும் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தவர் மனிதர். நீங்கள் தொட்டியில் விட்டதும் அந்தத் தேர்வு நின்றுவிட்டது. தட்டான் பூச்சியின் இளம்புழுவும் மீன்கொத்தியும் வந்துபோகும் இடம் என்றால், பளிச்சென்ற மீனும் வால் கனத்து மெதுவாக நீந்தும் மீனும் முதலில் போகும்.

கரீபியன் தீவான டிரினிடாட்டின் ஓடைகளில் ஆய்வாளர் ஜான் எண்ட்லர் இதைக் கையோடு நிரூபித்தார். அங்கே அருவிக்குக் கீழே வேட்டை மீன்கள் அதிகம், கப்பி ஆண்கள் மங்கல். மேலே ஆபத்து குறைவு, ஆண்கள் பளிச். 1976-இல் ஆபத்தான இடத்துக் கப்பிகளை வேட்டை மீன் குறைந்த, கப்பியே இல்லாத ஓர் ஓடைக்கு மாற்றினார். சுமார் இரண்டு வருடத்தில், ஏறக்குறைய 15 தலைமுறையில், ஆண்களின் புள்ளிகள் பெருகிவிட்டன. பெண்ணின் ஆசை நிறத்தைக் கூட்டுகிறது, வேட்டைக்காரனின் கண் அதைக் குறைக்கிறது. அப்புறம் டேவிட் ரெஸ்னிக் அதே ஓடைகளில் பெண்களைக் கவனித்தார். ஆபத்து குறைந்த இடத்தில் அவை தாமதமாகப் பருவமடைந்து, குறைவாக, ஆனால் பெரிய குட்டிகளாகப் போடத் தொடங்கியிருந்தன.

இதே குடும்பத்தில் இன்னொரு செய்தி. கப்பி முட்டையின் மஞ்சள் கருவை முன்கூட்டியே நிரப்பிவிடும், அதனால் எந்த ஆண் என்று முன்பே தேர்ந்தெடுத்தாக வேண்டும். உறவான சில இனங்களில் நஞ்சுக்கொடி உருவாகியிருக்கிறது. தாய் சேர்ந்த பிறகுதான் குட்டிக்கு ஊட்டத் தொடங்குகிறாள், பிறகும் உடலுக்குள் தேர்வு செய்யலாம். அந்த இனங்களில் ஆண்கள் நிறமும் ஆட்டமும் குறைந்து சிறியவையாக இருப்பதாக 2014-இல் பார்ட் போலுக்ஸும் ரெஸ்னிக்கும் கூட்டாளிகளும் காட்டினார்கள். கரு வளர்க்கும் விதம் மாறியதும் ஆணின் உருவமே மாறுகிறது. இத்தனை வருடப் படிப்பில் என்னை அதிகம் வியக்கவைத்தது இதுதான்.

பிரபாகரன், தேனி (மறுபடியும்): மேடம், முட்டை என்று தெரிந்ததும் நிம்மதி. ஆனால் என் தொட்டியில் எல்லோ லேப் ஆண் செத்துப்போய் இரண்டு மாதம் ஆகிறது. ரெட் ஜீப்ரா ஆண் மட்டும்தான் இருக்கிறது. குஞ்சு வருமா?

வரும். அவை கலப்புக் குஞ்சுகளாக இருக்கும். ரெட் ஜீப்ராவும் மலாவி ஏரிச் சிக்லிட்தான். ஏரியில் இந்த இரண்டும் சேராமல் இருப்பதற்குத் தன் இனத்து ஆண் கண்ணெதிரே இருப்பதும் ஒரு காரணம். உங்கள் தொட்டியில் அவளுக்கு வேறு ஆளில்லை.

பதினெட்டாம் நாள் வாக்கில் அவளைத் தண்ணீரோடு சேர்த்து மெதுவாக அள்ளித் தனித் தொட்டிக்கு மாற்றுங்கள். துரத்திப் பிடித்தால் பயத்தில் குஞ்சுகளைத் துப்பிவிடுவாள். தானாக விடும் வரை காத்திருங்கள். வெளியே வந்ததும் குஞ்சுகளுக்குப் பொடி இரை, அவளுக்கு இரண்டு மூன்று நாள் கொஞ்சம் கொஞ்சமாகத் தீனி. தெம்பு வந்த பிறகு பெரிய தொட்டிக்குத் திருப்பி விடலாம்.

குஞ்சுகள் பார்க்க மஞ்சளாகவே இருக்கலாம். வளர்த்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. ஆனால் எல்லோ லேப் என்று சொல்லிக் கடைக்கோ நண்பர்களுக்கோ கொடுக்காதீர்கள். அடுத்து ஒரு எல்லோ லேப் ஆண் வாங்கி விடுங்கள்.