500 மீட்டர் பஃபர் உலகையே மூடுகிறதா?

கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் சென்னைப் பள்ளிகளுக்கு 500 மீட்டர் பஃபர் (ஒரு புள்ளியைச் சுற்றிய வட்டப் பகுதி) போட்டதும் அது உலகையே மூடினால், இப்படிச் செய்யுங்கள். பள்ளிப் புள்ளிகளை 'ரீபுராஜெக்ட் லேயர்' கருவியால், மீட்டரில் அளக்கும் ஆயமுறையான யுடிஎம் 44 வடக்கு மண்டலத்துக்கு (அதன் அடையாள எண் இபிஎஸ்ஜி 32644) மாற்றி, அந்தப் புதிய அடுக்கின்மேல் பஃபர் போடுங்கள். சென்னைக்கு 500 மீட்டர் வட்டம் சரியாக வரும்.

இணையவழி முதுகலைப் பயிற்சிக்காகத் தரவிறக்கிய உங்கள் அடுக்கு இபிஎஸ்ஜி 4326-இல், அதாவது பாகைகளில் இருக்கக்கூடும். கியூஜிஐஎஸ் 500 பாகை என்று எடுத்துக்கொள்கிறது. ஒரு பாகையே ஏறத்தாழ 111 கிலோமீட்டர்!

பஃபர் கருவியில் தூரத்துக்குப் பக்கத்தில் உள்ள அலகைப் பாருங்கள். 'டிகிரி' என்றிருந்தால் இதுதான் காரணம்.

அடுக்கின் பண்புகளில் இபிஎஸ்ஜி எண்ணை மட்டும் மாற்றிவிடாதீர்கள். அது பெயர்ப்பலகையை மாற்றுமே தவிர ஆயத்தொலைவுகளைத் தொடாது. பள்ளிகள் நிலநடுக்கோட்டருகே இந்தியப் பெருங்கடலில் போய் நிற்கும். அடுத்த பயிற்சி கோயம்புத்தூர் என்றால் மண்டலம் 43.