வாசகர் கேள்வி பதில்: வட்டியில்லா கார்டில் மெஷின் வாங்கலாமா?

கேள்வி: வீட்டிலேயே தைத்துக் கொடுக்கிறேன். எம்பிராய்டரி மெஷின் ஒன்று வாங்கினால் வேலை பெருகும். விலையில் பாதி கையில் இருக்கிறது. புதிதாக ஒரு கிரெடிட் கார்டு எடுத்தால் முதல் 12 மாதத்துக்கு வாங்கும் பொருளுக்கு வட்டியே கிடையாது என்கிறார்கள். முழு விலையையும் கார்டில் போட்டுவிட்டு, கையிருப்பைத் தொடாமல் வைத்துக்கொள்ளலாமா? "சும்மா யாராவது கடன் கொடுப்பானா?" என்கிறார் என் கணவர்.

பதில்: கொடுக்க மாட்டான், உங்கள் கணவர் சொல்வது சரி. ஆனால் அதற்கான விலையை நீங்கள்தான் கொடுக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. நீங்கள் கார்டைத் தேய்க்கும்போதே கடைக்காரரிடமிருந்து வங்கித் தரப்புக்கு ஒரு சிறு சதவீதம் போய்விடுகிறது. ஆண்டுக் கட்டணம் இருந்தால் அது தனி. இதையெல்லாம் விடப் பெரிய வரவு, 12 மாதத்தில் முடித்துவிடுவேன் என்று ஆரம்பித்து முடிக்காமல் போகிறவர்களிடமிருந்து வருவது. அந்தக் கூட்டத்தில் நீங்கள் சேராமல் இருந்தால் இது உண்மையிலேயே நல்ல கடன்தான்.

சேராமல் இருப்பது எப்படி என்று கணக்குப் போட்டே பார்ப்போம். மெஷின் ஒரு லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள், எந்த ஊர்ப் பணமாக இருந்தாலும் சரி. 12 ஆல் வகுத்தால் மாதம் சுமார் 8,340 என்றுதான் எல்லோரும் போடுவார்கள். அங்கேயே முதல் சறுக்கல். வாங்கிய பிறகு முதல் ஸ்டேட்மென்ட் (கார்டின் மாதக் கணக்குச் சீட்டு) வந்து, அதற்குக் கடைசித் தேதி வருவதற்குள் ஒரு மாதத்துக்கு மேல் ஓடிவிடும், அதனால் சலுகை முடிவதற்குள் உங்களுக்குக் கிடைக்கும் கடைசித் தேதிகள் பெரும்பாலும் 11தான். இன்னொன்று, அந்த 12 மாதம் பல கார்டுகளில் நீங்கள் மெஷின் வாங்கிய நாளிலிருந்து ஓடாது, கார்டு கணக்கு திறந்த நாளிலிருந்தே ஓட ஆரம்பித்துவிடும். கார்டை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு இரண்டு மாதம் கழித்துக் கடைக்குப் போனால் அந்த இரண்டு மாதமும் போனதுதான். ஆகவே 11 ஆல் வகுத்து, மாதம் 9,100 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் இந்த 'மினிமம் டியூ', அதாவது அந்த மாதம் குறைந்தபட்சம் கட்டியே ஆக வேண்டிய தொகை. ஸ்டேட்மென்டில் கொட்டை எழுத்தில் இருப்பது அதுதான், கட்ட வேண்டிய முழுத் தொகை பக்கத்தில் அடக்கமாக உட்கார்ந்திருக்கும். மினிமம் 5 சதவீதம் என்றால் முதல் மாதம் 5,000 கட்டினால் போதும், அடுத்த மாதம் 4,750, அதற்கடுத்து இன்னும் குறைவு. ஒரு மாதம்கூடத் தவறாமல் 12 மாதம் இப்படியே கட்டினாலும் மிச்சம் 54,000 நிற்கும். ஒழுங்காகக் கட்டினோமே என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கும்போது 13வது மாதம் அந்த 54,000க்கு வட்டி ஆரம்பிக்கும். மாதம் 3 சதவீதம் என்றால் முதல் மாதத்துக்கே 1,600க்கு மேல். நானும் ஒரு கட்டில் வாங்கியபோது, வங்கிக் கணக்கிலிருந்து மாதாமாதம் தானாகப் பணம் போகும் ஆட்டோ டெபிட்டில் 'மினிமம்' என்ற பொத்தானை அழுத்திவிட்டு எட்டு மாதம் நிம்மதியாகத் தூங்கியவன்தான் (கட்டில் நல்ல கட்டில், குறை சொல்ல முடியாது). மீதி நான்கு மாதம் தூக்கம் வரவில்லை. அதனால் ஆட்டோ டெபிட்டில் 'மினிமம்' வேண்டாம், 9,100 என்று எண்ணையே போட்டு வையுங்கள். ஒரு கடைசித் தேதி தவறினாலே வட்டியில்லாச் சலுகையைப் பிடுங்கிக்கொள்ளும் கார்டுகள் உண்டு, அந்த வரி விதிமுறையில் இருக்கிறதா என்று கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் தேடிப் பாருங்கள்.

அந்தக் கார்டில் வேறு எதையும் வாங்காதீர்கள். வட்டியில்லாத பாக்கியும் வட்டியுள்ள பாக்கியும் ஒரே கார்டில் கலந்தால், நீங்கள் கட்டும் பணம் முதலில் எதில் கழியும் என்பது அவர்கள் விதிப்படிதான். ஏடிஎம்மில் அந்தக் கார்டைச் செருகிப் பணம் எடுக்கவே வேண்டாம். பொருள் வாங்கினால்தான் வட்டி இல்லை, ரொக்கம் எடுத்தால் பெரும்பாலும் அன்றைக்கே வட்டி ஆரம்பிக்கும், கட்டணமும் சேர்ந்து வரும்.

கையிருப்பைத் தொடாமல் வைப்பது நல்ல யோசனை, ஆனால் அது கண்ணுக்கு எட்டாத ஒரு தனிக் கணக்கில் இருந்தால்தான். தினமும் கண்ணில் படும் பணம் எப்படியாவது செலவாகிவிடும் என்று உங்களுக்கே தெரிந்தால், பாதியை இப்போதே கட்டிவிட்டு மீதியை மட்டும் கார்டில் போடுங்கள். இன்னொரு யோசனையும் சொல்கிறேன். மெஷின் வாங்குவதை மூன்று மாதம் தள்ளிப்போட்டு, அந்த 9,100ஐ மாதாமாதம் இப்போதிலிருந்தே எடுத்து வைத்துப் பாருங்கள். மெஷின் கொண்டுவரப்போகும் வருமானத்தைக் கணக்கில் சேர்க்காமல், இன்றைய வருமானத்திலிருந்து. மூன்று மாதமும் முடிந்ததென்றால் கவலையில்லாமல் கார்டை எடுங்கள், கையில் 27,300 கூடுதலாகவும் இருக்கும். இரண்டாவது மாதமே திணறினால் இந்த மெஷின் இப்போதைக்கு வேண்டாம்.

கேள்வி: கடையில் 12 தவணை, வட்டி கிடையாது என்கிறார்கள். மொத்தமாகப் பணம் கொடுத்தால் 5 சதவீதம் தள்ளுபடியாம். என்னிடம் முழுப் பணமும் இருக்கிறது. எது லாபம்?

பதில்: மொத்தமாகக் கொடுப்பதுதான். ஒரு லட்சம் பொருளின் உண்மை விலை 95,000 என்று அவரே வாயால் சொல்லிவிட்டார். தவணையில் போனால் 95,000 கடன் வாங்கி, மாதம் 8,333 வீதம் ஒரு லட்சம் திருப்பிக் கட்டுகிறீர்கள். 5,000தானே, 5 சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் அந்தக் கடன் மாதாமாதம் குறைந்துகொண்டே வருகிறது, வருடம் முழுக்க 95,000 உங்களிடம் இருப்பதில்லை. அப்படிப் பார்த்தால் வருடத்துக்குச் சுமார் 9.6 சதவீத வட்டி. அந்தப் பணத்துக்கு வேறெங்காவது, நஷ்ட பயம் இல்லாமல், அதைவிட அதிகமாகக் கிடைக்கும் என்றால் மட்டும் தவணைக்குப் போங்கள். பிராசஸிங் கட்டணம் என்று தனியாக ஏதாவது கேட்டால் அதையும் வட்டியோடு சேர்த்தே எண்ணுங்கள். பெயர்தான் வேறு.

கேள்வி: ஒரு லட்சத்துக்குச் சாமான் வாங்கி மாதம் 8,000 தவறாமல் கட்டினேன். வருடக் கடைசியில் 4,000தான் பாக்கி. அதற்கு 13,000க்கு மேல் வட்டி வந்திருக்கிறது. ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: வயிற்றெரிச்சல்தான், ஆனால் கணக்குத் தப்பில்லை. நீங்கள் எடுத்தது வட்டி இல்லாத கடன் அல்ல, வட்டியைத் தள்ளி வைத்த கடன். இந்த வகையில் முதல் நாளிலிருந்தே வட்டி உள்ளுக்குள் ஏறிக்கொண்டு இருக்கும், கெடுவுக்குள் முழுவதும் அடைத்தால் அழித்துவிடுவார்கள், கொஞ்சம் நின்றாலும் ஆரம்பத்திலிருந்து வசூலிப்பார்கள். மாதம் 2 சதவீதம் என்று வைத்துப் போட்டுப் பார்த்தேன், 13,440 வருகிறது. அதாவது வட்டி அந்த 4,000க்கு அல்ல, வருடம் முழுக்க நின்ற பாக்கிக்கு. 'கெடுவுக்குள் முழுத் தொகையும் செலுத்தினால் வட்டி இல்லை' என்று எழுதியிருந்தால் அது இந்த வகைதான். இப்போது செய்யக்கூடியது ஒன்று உண்டு. பாக்கி 4,000ஐ உடனே கட்டிவிட்டு, இதுவரை ஒரு தவணையும் தவறவில்லை என்பதைச் சொல்லி, வட்டியைக் குறைக்கச் சொல்லி எழுதிக் கேளுங்கள். சில சமயம் இறங்கி வருவார்கள். ஃபோனில் மட்டும் கேட்டுவிட்டு விட்டுவிடாதீர்கள், எழுத்தில் இருக்கட்டும்.

கேள்வி: வாங்கிய பொருளில் கோளாறு, திருப்பிக் கொடுத்துவிட்டேன். பணம் கார்டுக்கே திரும்பி வந்துவிட்டது. இந்த மாதத் தவணை கட்ட வேண்டுமா?

பதில்: ஸ்டேட்மென்ட் ஏற்கெனவே வந்துவிட்டதா? அப்படியென்றால் அதிலுள்ள மினிமத்தையாவது கட்டிவிடுங்கள். திரும்பி வந்த பணம் பாக்கியைக் குறைக்கும், ஆனால் பல கார்டுகளில் அதை நீங்கள் கட்டிய தவணையாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கூடுதலாகக் கட்டியது எங்கும் போகாது, கணக்கில் உங்கள் பெயரில் நிற்கும், கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.