எந்தத் தேதியில் இரட்சிக்கப்பட்டீர்கள்?

அன்புள்ள ஐயா,

எங்கள் பாட்டிக்கு 87 வயது. இடுப்பெலும்பு முறிந்து ஏழு மாதமாகக் கட்டிலில் இருக்கிறார். சிறுவயதிலிருந்தே சி.எஸ்.ஐ. என்னும் தென்னிந்தியத் திருச்சபை. பெண்கள் ஐக்கியத்தில் இருந்தவர், சபைக்கென்று பிடி அரிசி எடுத்து வைக்காமல் உலை வைத்ததில்லை. போன மாதம் ஜெபிக்க வந்த சில பெண்கள், "பாட்டி, நீங்க எந்தத் தேதியில இரட்சிக்கப்பட்டீங்க?" என்று கேட்டார்கள். "அது ஓர்மை இல்லியே மக்ளே" என்றார் பாட்டி. "அப்ப நீங்க இன்னும் இரட்சிக்கப்படல்ல. முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தா நிச்சயம் வரும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். அன்றிலிருந்து பாட்டிக்கு ராத்திரி தூக்கமில்லை. "நான் நரகத்துக்குத்தான் போவேனா" என்று அழுகிறார். இந்த நிலையில் முழுக்கு கொடுக்கலாமா? எபிரெயர் 6:4-6 இவரைப் போன்றவர்களைப் பற்றியதா? உண்மையைச் சொன்னால் எனக்கும் நிச்சயம் இல்லை. இதுவரை ஆறு கன்வென்ஷன் கூட்டத்தில், இயேசுவை ஏற்றுக்கொள்கிறவர்கள் கை தூக்குங்கள் என்றபோது கை தூக்கியிருக்கிறேன்.

ஒரு வாசகர், கருங்கல் அருகே

அன்புள்ள தம்பி,

முழுக்கு வேண்டாம். முறிந்த இடுப்போடு இருக்கும் 87 வயதுக்காரரைத் தொட்டியில் இறக்குவதைப் பற்றி யோசிக்கவே கூடாது. ஞானஸ்நானம் யாருக்கு என்ற சண்டை 1525இல் சூரிச் நகரில் ஆரம்பித்தது. உங்கள் பாட்டியின் கட்டிலருகே அது தீரப்போவதில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். முழுக்கு கொடுக்கும் சபைகளே விசுவாசிக்கிறேன் என்று அறிக்கை செய்தவருக்குத்தான் அதைக் கொடுக்கின்றன. நிச்சயம் இல்லாதவருக்கு நிச்சயம் வரவழைக்க முழுக்கு கொடுப்பது அவர்கள் உபதேசமே அல்ல. வந்த பெண்களுக்குத் தங்கள் சபையின் போதனையே சரியாகத் தெரியவில்லை.

எபிரெயர் 6 கிறிஸ்துவை நன்றாக அறிந்தபின் வேண்டாம் என்று உதறிப் போனவர்களைப் பற்றியது. அவரை இழந்துவிடுவேனோ என்று அழுகிறவரைப் பற்றியது அல்ல. அதே அதிகாரத்தின் 9ஆம் வசனத்தையும் சேர்த்து வாசியுங்கள். அதற்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை.

வேதத்துக்குப் போகுமுன் வேறொரு காரியம். தூங்காமல் இருக்கிறார், பயப்படுகிறார் என்கிறீர்கள். படுக்கையில் கிடக்கும் வயதானவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று வந்தாலும், இரத்தத்தில் சோடியம் குறைந்தாலும் திடீர்ப் பயமும் குழப்பமும் வரும். மாத்திரை மாற்றினாலும் வரும். நாளைக்கே சிறுநீரும் இரத்தமும் பரிசோதிக்கக் கொடுங்கள். ஆத்துமப் போராட்டம் என்று வீட்டார் பத்து நாள் ஜெபித்துக்கொண்டிருக்க, உள்ளே காய்ச்சல் ஏறிக்கொண்டிருக்கும் வீடுகள் நம் ஊரில் குறைவில்லை. இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். அப்படியானால் இரண்டையும் கவனிக்க வேண்டும்.

இனி அந்தத் தேதிக் கேள்வி. உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே இது என்னை அரித்துக்கொண்டிருந்தது. நம் மாவட்டத்தில் இப்போது ஜெபக்கூட்டத்துக்குப் போனாலும், துக்கவீட்டுக்குப் போனாலும், ஏன், பெண் பார்க்கப் போனாலும்கூட இதைக் கேட்கிறார்கள். தேதி சொல்கிறவன் உள்ளே, சொல்லாதவன் வெளியே. இப்படி ஓர் அளவுகோல் வேதாகமத்தில் எங்கே இருக்கிறது?

அப்போஸ்தலர் 16ஆம் அதிகாரத்தை எடுங்கள். ஒரே அதிகாரத்தில் மூன்று பேர் வருகிறார்கள். நடுராத்திரி, பூமியதிர்ச்சி, சிறைக்கதவுகள் திறந்து கிடக்கின்றன. பட்டயத்தை உருவித் தன்னையே குத்திக்கொள்ளப் போன சிறைச்சாலைக்காரன், "இரட்சிக்கப்படுவதற்கு நான் என்ன செய்யவேண்டும்" என்று நடுங்கிக்கொண்டு கேட்கிறான். கன்வென்ஷன் மேடைக்கு இவன் ஒருவன்தான் தேவைப்படுகிறான். ஆனால் இவனுக்கு முன்னால் 14ஆம் வசனத்தில் லீதியாள் இருக்கிறாள். இரத்தாம்பரம் விற்கிற வியாபாரி. ஆற்றங்கரையில் உட்கார்ந்து கேட்டாள், கர்த்தர் அவள் இருதயத்தைத் திறந்தார். நடுக்கமில்லை, கண்ணீரில்லை, கை தூக்கவுமில்லை. அவளுக்கும் முன்னால், முதல் வசனத்திலேயே தீமோத்தேயு நிற்கிறான். நாம் அவனைச் சந்திக்கும்போதே அவன் சீஷன். எப்போது ஆனான்? லூக்கா சொல்லவில்லை. பவுலும் சொல்லவில்லை. அவனுடைய பாட்டி லோவிசாளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும் இருந்த விசுவாசம் அவனிடமும் இருக்கிறது என்பதும், சிறுவயது முதல் வேதத்தை அறிந்தவன் என்பதும்தான் பவுல் அவனுக்கு எழுதிய கடிதத்தில் இருக்கிறது. அந்தப் பெண்கள் தீமோத்தேயுவின் வீட்டுக்குப் போயிருந்தால் அவனையும் இரட்சிக்கப்படாதவன் என்று எழுதிவைத்திருப்பார்கள்.

நம் ஊர்க் கதையையே பாருங்களேன். மயிலாடி மகாராசன் சிதம்பரத்துக்கு யாத்திரை போனார், மனம் நிறையவில்லை. திரும்பும் வழியில் தஞ்சாவூரில் சுவிசேஷம் கேட்டார், ஞானஸ்நானம் பெற்றார், வேதமாணிக்கமாகி ஊர் வந்தார். 1806இல் மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்து சேரும் முன்பே அவர் விசுவாசி. இதில் எது அவர் இரட்சிக்கப்பட்ட நாள்? சிதம்பரத்தில் வெறுமையாக நின்ற நாளா, தஞ்சாவூரில் பிரசங்கம் கேட்ட நாளா, தண்ணீர் பட்ட நாளா? அவருக்குப் பின் தென்திருவிதாங்கூரில் குடும்பம் குடும்பமாகத்தான் சபைக்குள் வந்தார்கள். உங்கள் பாட்டியின் பாட்டி எந்தத் தேதியில் என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

பின்னே இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது? மனந்திரும்ப நினைக்கிறவர்களை எழுந்து முன்பெஞ்சுக்கு வரச் சொல்வதை 1830களில் அமெரிக்காவில் சார்லஸ் ஃபின்னி என்ற பிரசங்கியார் பெரிய அளவில் பரப்பினார். எழுந்து வருவதற்கு ஒரு நாளும் நேரமும் உண்டு. அப்படிக் கூட்டத்தின் முறையே இரட்சிப்பின் முறையாகிவிட்டது. கூட்டம் நடத்தட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு கூட்டத்தின் நடைமுறையை எடுத்து நோயாளியின் கட்டிலருகே நியாயத்தீர்ப்பாக வாசிக்க யார் அதிகாரம் கொடுத்தது?

தேதி உள்ளவர்களையும் பார்ப்போம். நீலகண்ட பிள்ளை 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயமானார். எழுதிவைத்த தேதி. ஆனாலும் மக்கள் அவரை நினைப்பது ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் அவர் சுடப்பட்ட 1752 ஜனவரி 14ஐ வைத்துத்தான். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியிடம் தேதி மட்டுமல்ல, மணியும் உண்டு. 1738 மே 24, லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெரு, இரவு எட்டே முக்கால் வாக்கில். மேடைக்கு மேடை இதைச் சொல்கிறார்கள். அதே வெஸ்லி 1739 ஜனவரி 4 அன்று தன் நாட்குறிப்பில், நான் இன்னும் கிறிஸ்தவன் இல்லை என்று எழுதினார். எட்டு மாதம்கூட ஆகவில்லை. இதை ஏன் யாரும் மேடையில் சொல்வதில்லை?

தேதியைக் கையில் வைத்துக்கொண்டு ரப்பர் தோட்டத்தில் எல்லைக்கல்லை இரண்டடி தள்ளி நடுகிறவனும் இருக்கிறான். மத்தேயு 7:22-23இல் "கர்த்தாவே, கர்த்தாவே" என்று சொல்கிறவர்களிடம் தீர்க்கதரிசனம் இருந்தது, பிசாசு துரத்தல் இருந்தது, அற்புதம் இருந்தது. "அக்கிரமச் செய்கைக்காரரே" என்ற பதில்தான் கிடைத்தது. நிச்சயம் இல்லாமல் அழுகிற பாட்டியைவிட நிச்சயத்தோடு தூங்குகிற இவனுக்குத்தான் ஜெபக்குழு போக வேண்டும்.

உங்கள் பாட்டியின் ஆதார் அட்டையை எடுத்துப் பாருங்கள். அந்தத் தலைமுறையில் பலருக்குப் பிறந்த ஆண்டு மட்டும்தான் இருக்கும், அதுவும் யாரோ மதிப்பிட்டுப் போட்டது. அதற்காக அவர் பிறக்கவில்லை என்று தாலுகா ஆபீசில்கூடச் சொல்ல மாட்டார்கள்.

கத்தோலிக்க நண்பர் யாராவது, தனி வெளிப்பாடு இல்லாமல் இறுதிவரை நிலைத்திருப்பேன் என்று எவரும் முழு நிச்சயத்தோடு சொல்லக்கூடாது என்ற 1547ஆம் ஆண்டு திரெந்து சங்கத் தீர்மானத்தை நீட்டினால், அது வேறு விவாதம். அவர்களாவது தேதி கேட்பதில்லை.

சரி, நிச்சயம் எங்கே இருந்து வரும்? 1640களில் வெஸ்ட்மின்ஸ்டரில் கூடிய போதகர்கள் எழுதிய விசுவாச அறிக்கையின் 18ஆம் அதிகாரம் மூன்று ஆதாரம் சொல்கிறது: தேவனுடைய வாக்குத்தத்தம், உள்ளே தெரியும் கிருபையின் அடையாளங்கள், ஆவியானவரின் சாட்சி. உண்மையான விசுவாசிக்கும் இந்த நிச்சயம் வர வெகுகாலம் ஆகலாம், வந்தபின் ஆட்டமும் காணலாம் என்றும் அங்கேயே சொல்லியிருக்கிறது. வரிசை முக்கியம். வாக்குத்தத்தம் முதலில். நம் ஆட்கள் தலைகீழாக ஆரம்பிக்கிறார்கள். உனக்குள் சந்தோஷம் வந்ததா, பாரம் இறங்கியதா என்று உணர்விலிருந்து தொடங்குகிறார்கள். உணர்வு தூக்கத்தோடும் சர்க்கரை அளவோடும் ஏறி இறங்கும். மன அழுத்தம் உள்ளவனுக்கு அது எப்போதும் இல்லை என்றே சொல்லும்.

உங்களுக்கு நடந்ததும் இதுதான். கன்வென்ஷன் ராத்திரியில் கை தூக்குகிறீர்கள், நிம்மதி வருகிறது. திங்கட்கிழமை பழைய கோபம் வருகிறது, நிம்மதி போகிறது. உடனே, சரியாகக் கை தூக்கவில்லை போலிருக்கிறது, முழு மனதோடு ஜெபிக்கவில்லை போலிருக்கிறது என்று தூக்கிய கையைச் சந்தேகிக்கிறீர்கள். அடுத்த வருடம் மறுபடியும் தூக்குகிறீர்கள். தம்பி, நீங்கள் ஆறு தடவையும் நம்பியது உங்கள் கையை. ஏழாவது தடவை தூக்காதீர்கள். "என்னிடத்தில் வருகிறவனை நான் புறம்பே தள்ளுவதில்லை" என்பது யோவான் 6:37. எவ்வளவு முழு மனதோடு வந்தான் என்று அதில் கேள்வியே இல்லை. மாற்கு 9:24இல் "என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று அழுத தகப்பனின் பிள்ளைக்குச் சுகம் கிடைத்தது, விசுவாசத்தை முழுதாக்கிக்கொண்டு வா என்று அவனை யாரும் திருப்பி அனுப்பவில்லை.

நீங்கள் யோவானின் முதல் நிருபத்தை வாசியுங்கள். ஐந்து அதிகாரம், 105 வசனம், அரைமணி நேரம்கூட ஆகாது. விசுவாசிக்கிறவர்கள் தங்களுக்கு நித்தியஜீவன் உண்டென்று அறியவேண்டும் என்பதற்காகவே எழுதியதாக 5:13இல் அவரே சொல்கிறார். ஆனால் 3:9இல் ஆரம்பிக்காதீர்கள். தேவனால் பிறந்தவன் பாவஞ்செய்யான் என்பதை மட்டும் பிய்த்து வாசித்துத்தான் பலர் மூழ்கிப்போகிறார்கள். 1:8இலிருந்து 2:2 வரை முதலில். பாவமில்லை என்போமானால் நம்மையே வஞ்சிக்கிறோம், பாவஞ்செய்தால் பிதாவினிடத்தில் நமக்காகப் பரிந்து பேசுகிறவர் இருக்கிறார். இதை எழுதியவர்தான் 3:9ஐயும் எழுதினார். பாவத்தோடு சண்டை போடுகிறவனைப் பயமுறுத்த அல்ல, அதோடு சமாதானமாகிவிட்டவனை எழுப்ப. பிறகு அவர் வைக்கும் மூன்று சோதனைகளைப் பாருங்கள்: மாம்சத்தில் வந்த இயேசுகிறிஸ்துவை அறிக்கை செய்கிறாயா, கட்டளைகளைக் கைக்கொள்ளப் பார்க்கிறாயா, சகோதரரிடத்தில் அன்புகூருகிறாயா. மூன்றிலும் நூற்றுக்கு நூறு கேட்கவில்லை. மூன்றில் ஒன்றுகூட வேண்டாம் என்கிறவனைத்தான் கவலைப்படச் சொல்கிறார்.

பாட்டியிடம் இவ்வளவும் பேசாதீர்கள். காது எந்தப் பக்கம் நன்றாகக் கேட்குமோ அந்தப் பக்கம் உட்காருங்கள். அவர் வழக்கமாக வாசித்த பழைய வேதாகமத்திலிருந்தே வாசியுங்கள். புது மொழிபெயர்ப்பைக் காதில் வாங்கினாலும் அவருக்கு அது அந்நியமாக இருக்கும். ஒரு நேரத்துக்கு இரண்டு மூன்று வசனம் போதும். யோவான் 6:37, 10:27-29, இன்னொரு நாள் ரோமர் 8:38-39. தினமும் புதிதாகத் தேடாதீர்கள், அதையே திரும்பத் திரும்ப வாசியுங்கள். 23ஆம் சங்கீதத்தை நீங்கள் ஆரம்பித்துவிட்டு நிறுத்துங்கள், மீதியை அவர் சொல்வார். எல்லாம் மறந்தவர்களும் சின்ன வயதில் மனப்பாடம் செய்ததைச் சொல்வது உண்டு. ஆயக்காரனின் ஜெபம் ஒரே வரி, "தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்". ராத்திரி விழித்தால் சொல்லிக்கொள்ள அது போதும்.

"பாட்டி, நீங்க எவ்வளவு பிடி அரிசி எடுத்து வச்சிருக்கீங்க, உங்களுக்கா மோட்சம் இல்ல" என்று மட்டும் ஆறுதல் சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னதும் அவர் தராசு எடுத்துவிடுவார். பேசாமல் இருந்த நாத்தனார் நினைவுக்கு வருவாள், கொடுக்காமல் விட்ட கூலி நினைவுக்கு வரும். அரிசிக்கு இடம் உண்டு, ஆனால் இரண்டாவதாக. கிறிஸ்து தள்ளமாட்டார் என்று கேட்டு மனம் கொஞ்சம் அடங்கிய பிறகு, "அவர் மேல பிரியம் இல்லாமலா பாட்டி இத்தனை வருசம் எடுத்து வச்சீங்க?" என்று கேளுங்கள். அரிசி அதே அரிசிதான், நீங்கள் கேட்கும் இடம்தான் வேறு.

ஆயரிடம் சொல்லி வீட்டில் திருவிருந்து கொடுக்கச் சொல்லுங்கள். பாட்டி தெளிவாக இருக்கும் காலை நேரமாகப் பாருங்கள், சாயங்காலம் வேண்டாம். விழுங்கச் சிரமமென்றால் அப்பத்தில் கடுகளவு கிள்ளித் திராட்சரசத்தில் நனைத்துக் கொடுக்கலாம், முன்கூட்டியே ஆயரிடம் சொல்லிவிடுங்கள். தலைப்பக்கம் இரண்டு தலையணை வைத்து நிமிர்த்திய பிறகுதான் எதையும் வாயில் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் புரையேறும். கட்டிலைச் சுற்றிக் கூட்டம் கூட்டாதீர்கள். அந்தப் பெண்கள் வர ஆசைப்பட்டால் வரட்டும், பாட்டியிடம் எந்தக் கேள்வியும் கேட்கமாட்டோம் என்று சம்மதித்தால்.